திரை சொன்ன கடவுச்சொல்

கோவில்பட்டி
5.8.2024

அன்புள்ள இந்துஜாவுக்கு,

பாண்டிச்செல்வி எழுதுதேன். மூணு நாளா போன் அடிச்சும் நீ எடுக்கல. கடிதத்தையாவது பிரிப்பன்னு நம்புதேன். வீட்டுல எல்லாரும் சொகம். நான் மட்டும் வேலைக்குப் போகல, மில்லுல வராதன்னுட்டாவ.

ஷிப்டு பட்டியலை மாத்த மில்லு கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்துட்டுப் போனியே. போன வாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அதுல என் கடவுச்சொல்லைப் போட்டு யாரோ நம்ம செல்வமாரியை முழு நைட் ஷிப்டுக்குத் தள்ளிட்டாவ. அவளுக்கு வயித்துல ஏழு மாசம். மெஷின் பக்கத்துலயே மயங்கி விழுந்துட்டா. நல்லவேளை, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல.

"கடவுச்சொல்லை யாருகிட்ட சொன்ன?"ன்னு மேனேஜர் கேக்காரு. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஆனா அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் திரையில தெரியுது. பின்னால நிக்கவிய வாசிச்சுறலாம். அது நீ எழுதினது. மேனேஜருக்கு அதை ஒரு வரி எழுதிப் போடு ஏட்டி.

உன்
பாண்டிச்செல்வி

ஓசூர்
10.8.2024

பிரியமுள்ள செல்விக்கு,

உன் கடிதத்தை நாலு தடவ வாசிச்சிட்டேன். செல்வமாரிக்கு இப்ப எப்படி இருக்கு?

தப்பு என் மேலதான். வேலையை விட்டுக் கிளம்புற அவசரத்துல அப்படியே விட்டுட்டேன். கடவுச்சொல் கேக்குற வரியில read-ன்னு இருக்கும். ஒரு இடம் விட்டு -s சேத்துக்கோ. அடிக்கிறது தெரியாது. அதுக்குக் கீழ வெறும் echo ஒண்ணு போடு, இல்லன்னா அடுத்து வாரது அதே வரியில ஒட்டிக்கிடும்.

மேனேஜருக்கு மட்டும் எழுதச் சொல்லாத. அடுத்த மாசம் இங்கன என்னை நிரந்தரமாக்கப் போறாவ. அவரு எங்க முதலாளிக்குத் தெரிஞ்சவரு. கோவிச்சுக்காத.

இந்துஜா

கோவில்பட்டி
21.8.2024

இந்துஜாவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே மில்லுக்குப் போனேன். "பத்து நிமிசம் கொடுங்க சார்"ன்னு மேனேஜரை அந்தக் கம்ப்யூட்டர்ல உக்கார வச்சேன். "உங்க கடவுச்சொல்லை அடிங்க." அடிச்சாரு. நாலடி தள்ளி நின்னு எழுத்தெழுத்தா வாசிச்சேன். அவரு மொகம் மாறிட்டு.

"நான் சொல்லல சார். திரைதான் சொல்லிச்சு."

பொறவு வருகைப் பதிவைப் பாத்தாவ. அந்த ஞாயித்துக்கிழமை பட்டியல் மாறுறதுக்கு முன்னாலயே, நாலு மணிக்கே, நான் வெளிய போயிட்டேன். உள்ள இருந்தது சூப்பர்வைசர் சுடலைராஜ். நான் அடிக்கும்போது பின்னால நின்னு பாத்து வச்சிருந்தாராம், நைட்டுக்கு ஆள் பத்தலன்னு செஞ்சேன்னு ஒத்துக்கிட்டாரு.

அந்த வரியை நானே திருத்தினேன். நீ ஒண்ணைச் சொல்லாம விட்டுட்ட. எழுத்து தெரியலன்னதும் கீபோர்டு போயிட்டுன்னு நெனச்சு மேனேஜர் ரெண்டு தடவ அடிச்சாரு. அதனால கடவுச்சொல் கேக்குற இடத்துலயே, "அடிப்பது தெரியாது, அடித்துவிட்டு என்டரைத் தட்டுங்கள்"ன்னு எழுதி வச்சிட்டேன். இப்ப யாரும் தடுமாறல. என்னைத் திரும்ப வேலைக்குச் சேத்துட்டாவ, ஸ்கிரிப்ட் இனி என் பொறுப்பு. செல்வமாரிக்குப் பகல்ல உக்காந்து செய்யுற வேலை கொடுத்திருக்காவ.

நேத்து மேனேஜர் ஒரு கவரை நீட்டினாரு. உன் கையெழுத்து. தப்பு என்னுடையது, பாண்டிச்செல்விக்கு இதில் பங்கில்லைன்னு மூணு வரி. கீழ உன் முழுப்பேரு.

எல்லாம் முடிஞ்ச பொறவுதான் வந்துச்சு. அதால எனக்கு ஆகவேண்டியது ஒண்ணும் இல்ல. ஆனா அது வரலன்னா, இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த மாசம் வேலை நிரந்தரமாச்சான்னு எழுது ஏட்டி.

செல்வி