அரைப் புள்ளி

உமையாள் ஆச்சியின் உள்வீட்டு அறைக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்டார்கள், அண்ணே. போடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடியது நீங்கள்.

புதுப் பூட்டின் எண்ணெய் வாடை சோப்புப் போட்டும் என் விரலை விட்டுப் போகவில்லை. ஒக்கூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஆச்சி இன்று காலை திரும்பி வந்து, தன் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டே நின்றார். நான் வாங்கிப் பார்த்தேன். சாவியில் ஒரு குற்றமும் இல்லை.

சென்னையில் இருக்கும் உங்கள் மகனுக்குப் போன் போட்டேன்.

"வெளிநாட்டுக்காரங்க வந்து தங்குறதுக்கு வளவைச் சுத்தி இருக்கிற உள்வீடெல்லாம் ஒழிக்கணும் சித்தப்பா. அப்பச்சி இருக்கும்போதே சொன்னதுதான்."

"என்னன்னு சொன்னாக?"

"கோயில்ல சின்னாத்தா அரைப் புள்ளிதானே, அதுக்குத் தனி உள்வீடு எதுக்கு, பின்கட்டுல இருக்கட்டும்னாக."

செத்துப்போன உங்கள் பேரில் பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் நின்று போனில் வந்த குரலைக் கேட்ட ஆச்சி தலையசைத்தார். "என்கிட்டயும் ஒரு நாள் சொன்னாக. வெளையாட்டுக்குன்னு நெனச்சேன்."

கோயில் வரிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரை. கோயில் வாசலோடு நிற்க வேண்டிய கணக்கு அது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு மனுஷிமேல் வைத்துவிட்டீர்கள். அண்ணி போன பிறகு நீங்களும் அரைப் புள்ளிதான். உங்களை யார் பின்கட்டுக்குப் போகச் சொன்னார்கள்?

இதே வளவு முற்றத்தில், ஆச்சியின் புருஷன், உங்கள் கூடப்பிறந்த தம்பி, இறந்த பதினாறாம் நாள், ஆச்சியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பங்காளிகள் பேசியபோது நடுவில் வந்து நின்றவர் நீங்கள். "அவ இங்குட்டுத்தான் இருப்பா. எவனும் வாயைத் தொறக்கப்படாது." அன்று உங்களைப் பார்த்து, மனிதன் என்றால் இவர்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் நடந்தேன்.

சாயங்காலம் ஊருணியைச் சுற்றி வரும்போதெல்லாம் நமக்குள் ஒரே சண்டை. "நல்லதுல கூடக் கொறைய உண்டுப்பா," என்பீர்கள். எட்டாவதோடு நின்று, கையில் கிடைத்ததை எல்லாம் படித்துத் தானாகத் தேறியவன் நான், விடமாட்டேன். "தூக்குக்குண்டைப் பிடிச்சுப் பாத்தா செவரு நேரா இருக்கா, கோணலா? கொஞ்சம் நேருன்னு எந்தக் கொத்தனார் சொல்றான்?" என்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். "ஒந் தூக்குக்குண்டைக் கொண்டுபோய் எங்கயாச்சும் தொலைடா. அதை வச்சு அளந்தா ஊர்ல ஒருத்தன் தேறமாட்டான்."

நீங்களே தேறமாட்டீர்கள் என்று நான் நினைத்ததில்லை, அண்ணே.

மதியம் ஆச்சிக்குச் சோறு கொண்டுபோனேன். முகப்பில், துணிப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பெரியவுக நல்லவுகதான்யா. எனக்கு மட்டும் கடைசியில கொஞ்சம் கொறைஞ்சுபோச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உங்கள் கட்சியை அல்லவா அவர் பேசுகிறார், அதுவும் பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு! நான் ஒத்துக்கொள்ளவில்லை. நல்லவருக்குக் கொஞ்சம் குறைந்தால், அந்தக் கொஞ்சத்தில்தான் ஒருத்தி குடியிருக்கிறாள். அன்று நடுவளவில் நின்றதை வைத்து இன்றைய பூட்டைக் கழிக்க மாட்டேன். இந்தப் பூட்டை வைத்து அன்றைக்கு நீங்கள் நின்றதை அழிக்கவும் எனக்குக் கை வரவில்லை. தூக்குக்குண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை உங்கள் பக்கத்தில் பிடிக்க முடியாமல் நிற்கிறேன்.

ஆனால் நடக்க வேண்டியது நடக்க வேண்டும். உங்கள் மகன் சென்னையிலிருந்து வந்து, தன் கையாலேயே அந்தப் பூட்டைக் கழற்ற வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. பின்கட்டுக்குத் தூக்கிப்போன ஆச்சியின் கட்டிலையும் பெட்டியையும் பங்காளிகள் பழையபடி உள்வீட்டிலேயே கொண்டுவந்து வைக்க வேண்டும். கோயில் கணக்கு வீட்டுக்குள் வராது என்று எல்லாரையும் கூட்டிவைத்துச் சொல்ல வேண்டியவன் நான். ஆச்சி ஒன்றும் செய்ய வேண்டாம், சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டால் போதும்.

அதுவரை, முன்னோரைக் கும்பிடும் படைப்பில் அவர்கள் துணிகளோடு உங்கள் வேட்டியை வைக்க விடமாட்டேன். அதற்குப் பிறகு அதைத் துவைத்து, மடித்து வைக்க வேண்டியவனும் நான்தான்.