கொம்பனுக்கு நீ சொன்ன பதில்கள்

மாப்ள,

ஜாய்ஸ்டிக்கைச் சுற்றி வைத்திருந்த துண்டை இப்போதுதான் பிரித்தேன். படிகார வாசமும் பவுடர் வாசமும் சேர்ந்து அடிக்கிறது. "கேம் பெட்டிக்கு எதுக்குடா சலூன் வாசம்?" என்று வாராவாரம் திட்டுவாய். என் கடையில் வாசமில்லாத துண்டு என்று ஒன்று இருந்தால்தானே உனக்குத் தர. அந்த வாசம் அப்படியே இருக்கிறது. திட்டத்தான் ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு. அதனால்தான் இந்தக் கூத்தே ஆரம்பித்தது. மத்தியானம் கூட்டமில்லாத நேரம் பார்த்து உன் ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு, கேம் பெட்டியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கடையான என் கடைக்கு வருவாய். உன் வீட்டு டிவி உன் மாமியாருக்குச் சொந்தம். என் கடை டிவிக்கோ அன்றைக்கு வேலை கிடையாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுழல் நாற்காலியில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்துகொண்டு, மீசை நரைத்த ஆம்பளைகள் இரண்டு பேர் பூதத்தையும் மந்திரக்கோட்டையையும் தேடித் திருநகருக்குள்ளேயே அலைந்தோம். எட்டிப் பார்த்தவனெல்லாம் சிரித்தான். நமக்கென்ன.

சண்டை போடுகிற கேம் என்றுதான் நான் நினைத்தேன். பார்த்தால் பாதி நேரம் பேச்சுத்தான். கேமில் நாம் ஓட்டுகிற ஆளோடு கூடவே ஒருத்தன் வருவான், தலையில் இரண்டு கொம்பு, எருமைக்கடா மாதிரி உடம்பு. கொம்பன் என்று பேர் வைத்தேன். அவன் ஏதாவது பேசுவான். திரையில் மூன்று பதில் வரும். அதில் ஒன்றை நாம் எடுத்துச் சொல்லவேண்டும்.

"மாப்ள, இதுல ஒரு சங்கதி இருக்கு," என்றாய். "நாம பேசுற பேச்சுலதான் இவன் குணம் வளரும். மதிச்சுப் பேசுனா உசுரக் குடுப்பான். கேலி பண்ணிக்கிட்டே இருந்தா மனசுல ஒண்ணையும் சொல்ல மாட்டான். ஒரு நா விட்டுட்டுப் போயிருவான்."

"கேலி பண்ணா போயிருவானா? அப்பறம் நீ ஏன்டா இன்னும் இங்க உக்காந்திருக்க?" என்றேன்.

நீ சிரித்தாய். எப்போதும் போல.

நான் படித்தது அஞ்சாப்பு. கேமில் வருகிறதெல்லாம் இங்கிலீசு. உனக்கு ஊர்ப்பட்ட விண்ணப்ப பாரம் நிரப்பிக் கொடுத்து இங்கிலீசு தண்ணீர் மாதிரி. நீ வாசித்துத் தமிழில் சொல்லுவாய், நான் பதிலைத் தேர்ந்தெடுப்பேன், நீ அமுக்குவாய். நான் எதை எடுத்திருப்பேன் என்று தெரியாதவன் நம்ம ரோட்டில் உண்டா? கொம்பன் அடிபட்டு ரத்தத்தோடு வந்தால், "கொம்பை வச்சுக்கிட்டு முட்டத் தெரியலையா, அதுல துணியாச்சும் காயப்போடுவோம்" என்கிற மாதிரி ஒன்று இருக்கும். "அதப் போடு மாப்ள" என்பேன். கொம்பன் திரும்ப ஏதோ சொல்லுவான். "என்ன சொல்றான்?" என்று கேட்டால், "மொதல்ல ஒன் வழுக்கையில முடி காயப்போடு, அப்பறம் எங்கொம்புக்கு வா, அப்படின்றான்" என்பாய். நாற்காலியைச் சுற்றிச் சுற்றிச் சிரிப்பேன். என் வாய்க்கு ஈடு கொடுக்கிற ஒருத்தன் கிடைத்துவிட்டான் என்று எனக்கு அம்புட்டு சந்தோசம்.

அவன் விட்டுவிட்டுப் போகவே இல்லை. நாளாக ஆக நமக்காக முன்னால் போய் நின்று அடி வாங்கினான். "பாத்தியா, என் கிண்டல் இவனுக்குப் பிடிச்சுப்போச்சு. கேம் செஞ்சவனுக்கு மனுசனத் தெரியல" என்றேன். "ஆமா மாப்ள, ஒனக்குத்தான் தெரியும்" என்றாய்.

அந்தக் கடைசிச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

கேமைப் போடுவதற்கு முன்னால் உனக்கு முகம் வழித்தேன். கன்னம் ஒட்டிப்போய்க் கத்தி உள்ளே விழுந்தது. காற்றை நிரப்பிக் கன்னத்தை உப்பச் சொன்னேன். உப்பினாய், நிற்கவில்லை. இருபத்தஞ்சு வருசமாகக் கன்னம் தொடுகிற கை இது மாப்ள. இரண்டு மாசத்தில் ஒருத்தன் இப்படி வற்றக்கூடாது என்று இந்தக் கைக்குத் தெரிந்தது. வாய் முந்திக்கொண்டது. "என்னடா, தங்கச்சி சோத்தப் பூட்டி வச்சிருச்சா? கன்னத்துல பல்லாங்குழி ஆடலாம் போல" என்றேன். நீ சிரித்தாய்.

பிறகு கேம். ஒரு காட்டுக்குள் தீ மூட்டி உட்கார்ந்திருக்கிறோம். கொம்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நீ வாசிக்கவில்லை. "என்ன மாப்ள, எழுத்து மறந்துபோச்சா?" என்றேன்.

"கொம்பன் என்னமோ சொல்ல வாரான். ‘ஒங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும், இன்னும் யார்ட்டயும் சொல்லல’ன்றான். என்ன சொல்லட்டும்?"

"என்னென்ன இருக்கு?"

"‘ஒக்காரு, சொல்லு’ன்னு ஒண்ணு இருக்கு. ‘நாளைக்குப் பாக்கலாம்’னு ஒண்ணு. ‘அழுவுறதா இருந்தா அங்கிட்டுப் போயி அழுதுட்டு வா’ன்னு ஒண்ணு."

எதை எடுத்தேன் என்று உனக்குத் தெரியும்.

"நெசமாவா மாப்ள?" என்றாய். அதற்கு முன்னால் ஒரு தடவைகூட நீ அப்படிக் கேட்டதில்லை.

"நெசமாத்தான். அமுக்கு."

அமுக்கினாய். கொம்பன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். என்ன சொல்றான் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லையாம்" என்றாய். பெட்டியை அணைத்துத் துண்டில் சுற்றி, "இது இங்கயே இருக்கட்டும், வாரேன் மாப்ள" என்று ஷட்டருக்குள் குனிந்து போனாய்.

அடுத்த மாசம் தங்கச்சி, உன் வீட்டுக்காரி, போன் போட்டுத்தான் எனக்குத் தெரியும். இரைப்பையில் கட்டி, முற்றிப்போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன்னைப் பார்த்தபோது, "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "அட விடு" என்றாய். அப்புறம், "கொம்பன் எப்படி இருக்கான், பேசுறானா?" என்று கேட்டாய். "அவனுக்கென்ன, ஒன்னைய மாதிரி படுத்தா கெடக்கான்" என்றேன். அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டும் என் வாய் அப்படித்தான் மாப்ள.

நீ போய் ஏழு மாசம் ஆகிறது. பெட்டியை உன் வீட்டில் கொடுக்கலாம் என்று போன மாசம் எடுத்துக்கொண்டு போனேன். தங்கச்சி பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லையா, "அவரு என்னதான் வெளையாடுனாருன்னு பாப்பமேண்ணே" என்று டிவியில் மாட்டினாள். எதையோ அமுக்கியதில் ஒரு புத்தகம் மாதிரி விரிந்தது. நாம் கொம்பனிடம் பேசியது, அவன் நம்மிடம் பேசியது எல்லாம் அதில் எழுதியிருந்தது.

"படிம்மா, வயிறு வலிக்கச் சிரிப்ப" என்றேன்.

அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். "‘காயத்தைக் காட்டு. நான் கட்டிவிடுகிறேன்.’ இதாண்ணே நீங்க சொன்னது."

"இல்லம்மா, கொம்புல துணி காயப்போடுறது. அதுக்கு அவன் என் வழுக்கையச் சொல்லுவான்."

"அப்படி ஒண்ணும் இல்லண்ணே. ‘உன் கை என் தாயின் கை போல இருக்கிறது’ன்னு சொல்லியிருக்கு."

பக்கம் பக்கமாகப் படித்தாள். ஒரு இடத்தில்கூட நான் சொன்னது இல்லை. நான் கிண்டலை எடுக்கச் சொன்னபோதெல்லாம் நீ வேறொன்றை அமுக்கியிருக்கிறாய். ‘பயப்படாதே.’ ‘நீ இல்லாமல் நான் போக மாட்டேன்.’ என்னிடம் சொல்ல, கொம்பன் பேரில் நக்கலையும் நீயே கட்டியிருக்கிறாய். நல்ல வரிக்கு முன்னால் சின்னதாக ஒரு உள்ளங்கைப் படம் இருக்கும் என்று தங்கச்சி காட்டினாள். அத்தனை நாளும் என் கண்ணுக்கு முன்னால் நீ அந்தக் கையின் மேல்தான் போய் நின்றிருக்கிறாய். நான் அதை ஏதோ பூ வேலைப்பாடு என்று நினைத்தேன்.

கடைசிப் பக்கம் வந்தது. அவள் படிக்காமல் என்னைப் பார்த்தாள். "இந்த ஒண்ணு மட்டும் ஏண்ணே இப்படிச் சொன்னீங்க?"

அது மட்டும்தான் நான் சொன்னபடி நீ அமுக்கியது.

அதற்குக் கீழே கொம்பன் சொன்ன அந்த ஒரு வார்த்தை, ‘ஒண்ணுமில்லை.’ அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தில் எழுத்தே இல்லை.

என் கிண்டலால் யாரும் கெட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முகம் வாடிப் போன ஆட்களிடம் நீ பின்னாலேயே போய், "அவன் வாய்தான் அப்படி, மனசு நல்ல மனசு" என்று சொல்லியிருக்கிறாய். இப்போது ஒவ்வொருத்தராகச் சொல்கிறார்கள். கொம்பனை வளர்த்தது நான் என்று நினைத்தேன், நீ வளர்த்தாய். நான் வளர்த்தது உன்னைத்தான் போல. வலித்தாலும் சிரிக்கிற ஆளாக, சொல்ல வந்ததை ‘ஒண்ணுமில்ல’ என்று விழுங்குகிற ஆளாக. முன்னாலேயே சொல்லியிருந்தால் டாக்டர் காப்பாற்றியிருப்பாரா, தெரியாது. நீ தனியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு திரிந்த அந்த நாட்களில் நானாவது கூட இருந்திருப்பேன்.

"அண்ணே, அந்த எடத்துக்கு முன்னாடி போயி வேற பதில் சொல்லலாம். கேம்ல அதுக்கு வழி இருக்கு" என்றாள் தங்கச்சி. வேண்டாம் என்றேன். சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். பெட்டியை அவள் என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

கிண்டலை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் கன்னத்தை உப்பச் சொல்லும்போது இப்போது கை நின்றுவிடுகிறது. போன வாரம் சோழவந்தான் வெற்றிலை வியாபாரியிடம், "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைல்லண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டேன். "பாதி மொகத்துல நொரைய வச்சுக்கிட்டு என்னய்யா வெசாரணை, வழி" என்றார். முழுசாகப் பதில் சொல்கிறவரை நான் வழிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமையானால் தனியாக உட்காருகிறேன். ஜாய்ஸ்டிக் பிடிக்க இன்னும் சரியாக வரவில்லை, கொம்பனை இரண்டு தடவை ஆற்றில் இறக்கிவிட்டேன். தீ மூட்டியதும் அவனிடம் போய் நிற்பேன். எழுத்து தெரியாது, உள்ளங்கை தெரியும். அதன் மேல் போய் அமுக்குவேன். அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுவான். இன்றைக்கும் அதைத்தான் சொன்னான்.

அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன் மாப்ள. டிவிக்குக் கீழே கண்ணாடி. அத்தனை செவ்வாய்க்கிழமையும் உன் முகம் அதில்தான் இருந்தது, நான் அண்ணாந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பக்கத்து நாற்காலி மட்டும் அதில் தெரிகிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.