வாசற்படித் தும்மல்

5.5.2002, ஞாயிறு

கத்திரி வெயில் நேற்றே தொடங்கிவிட்டது. காலையிலேயே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட முடியவில்லை. தண்ணீர் லாரி வந்தது, குடமெல்லாம் நிரப்பியாயிற்று. கேசரி அம்மா, பஜ்ஜி நான்.

மாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சுரேஷ், அவருடைய அம்மா, சித்தி. அந்த அம்மாவுக்குக் கணவர் இல்லை, தங்கையைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்துகிறார். சுரேஷ் மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஒல்லி. காபி டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். அது பிடித்தது.

எல்லாம் நல்லபடி. ஆவணியில் கல்யாணம் என்கிற வரைக்கும் பேச்சு போனது. வழியனுப்ப நானும் கூடவே இறங்கினேன். எங்கள் பிளாக் படிக்கட்டு பட்டப்பகலிலும் இருட்டு. கீழே வாசலுக்கு வந்ததும் சித்தி பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து, "திரும்பும்மா, வெச்சி வுடறேன்" என்று கையை நீட்டினார்.

வெயில் கண்ணில் அடித்தது. தும்மினேன்.

சாதாரணத் தும்மல் இல்லை. தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அடுத்தது வந்ததை மூக்கைப் பிடித்து உள்ளேயே அமுக்கிவிட்டேன். சித்தியின் கை பூவோடு அப்படியே நின்றது. சுரேஷின் அம்மா மகன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. ஆட்டோ ஏறும்வரை விடவில்லை. பூவைச் சித்தி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"அந்த ரெண்டாவதையும் வுட்டுத் தொலைச்சிருக்கலாம்ல. ரெட்டத் தும்மல்னா நல்லது" என்கிறாள் அம்மா. அடக்கியதுதான் தப்பாம்.

பூ இன்னும் டம்ளரில் கிடக்கிறது. வைத்துக்கொள்ளவும் மனசில்லை, எறியவும் மனசில்லை.

6.5, திங்கள்

ஆபீஸ். யானைக்கவுனி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. எங்கள் கிளியரிங் ஆபீஸ் பழைய கிடங்கு, ஜன்னலே இல்லை. மத்தியானம் டீக்கு வெளியே வந்ததும் மறுபடி. கேஷியர் பக்கத்துக் கடைக்காரரிடம், "வந்துச்சி பாரு சைரன்" என்றார். எப்போதும் நானும் சேர்ந்து சிரிப்பேன். இன்று முடியவில்லை.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நைனாவுக்கும் இதேதான். ஹார்பரில் கப்பலின் சரக்கறையிலிருந்து ஏணி ஏறி மேலே வருவாராம். வெயிலைப் பார்த்ததும் தும்மலாம். கூட வேலை செய்தவர்கள் கோரஸாக எண்ணுவார்களாம். ரிடையர் ஆகிப் போகும்போதுகூட மேஸ்திரி அதைத்தான் சொன்னாராம். எங்கள் வீட்டில் தும்மல் சிரிப்பு. நேற்று வரைக்கும்.

8.5, புதன்

எழுதவே கை கூசுகிறது.

எதிர் எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வந்தது. மாத்தூர் சித்தி. நைனா பேசினார், நான் பக்கத்தில். ரிசீவரில் அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

"பொண்ணு நல்ல பொண்ணுதாங்க. அக்காதான் ஒரே பேஜாரா கீது. சரியா சாப்பிட மாட்டேங்குது. அந்தத் தும்மல் எப்பவும் வர்றதா, இல்ல அன்னிக்கி மட்டுமா?"

நைனா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை புத்தர் மன்றத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, சகுனம் என்பது பயத்துக்கு வைத்த பேர் என்று பேசுகிறவர். தன் கல்யாணத்துக்கே வேண்டுமென்றே ராகு காலத்தில் கிளம்பியவர்.

"இல்லம்மா. அன்னிக்கி அதுக்கு ஜலதோஷம். ரெண்டு நாளாவே மூக்கு ஒழுகிகினு இருந்துச்சி" என்றார் நைனா.

போனை வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. பூத்துக்காரப் பையன் மீதிச் சில்லறையை நீட்டியதையும் வாங்கவில்லை. எனக்கு முன்னால் வேகமாக நடந்து போய்விட்டார்.

நைனா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு இருபத்தொன்பது. அதுதான் காரணம். சகுனம் பார்க்கிற ஒரு கிழவிக்காக என் அப்பா இப்படி ஆகிவிட்டார். இல்லை, எனக்காக.

11.5, சனி

பெரம்பூரில் ஒரு காது மூக்கு டாக்டர். அம்மாதான் இழுத்துப் போனாள். மருந்து ஏதாவது இருந்தால் கல்யாணம் வரைக்குமாவது சாப்பிடட்டுமே என்று.

டாக்டர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. தனக்கே தெரிந்த சிலருக்கு உண்டாம். "வெளிச்சம் பட்டா தும்மல். நோவு இல்லைம்மா இது, பிறவி. உங்க வீட்ல வேற யாருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்கு" என்றாள் அம்மா, ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி.

"அப்ப அங்கேர்ந்துதான். இவங்க பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி." மருந்து கிடையாது. தொப்பி, குடை, கறுப்புக் கண்ணாடி.

பஸ்ஸில் அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு குழந்தை. மாத்தூர் வாசற்படி. ஸ்கூலுக்குக் கிளம்புகிறது, வெயில், தும்மல். பின்னால் பாட்டி முகம் வெளுத்து நிற்கிறாள். தினமும். நான் மறைத்தால் அது மறைக்குமா?

16.5, வியாழன்

ஜலதோஷம் என்றதை மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொண்டார்கள். ஞாயிறு வண்ணாரப்பேட்டையில் நிச்சயப் புடவை எடுப்பது. நிச்சயம் சாயங்காலம் ஏழுக்கு மேல். நைனா கேட்டு வாங்கிய நேரம். வெயில் இருக்காதாம்.

அம்மாவுக்குச் சந்தோஷம். மாடி வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் சந்தோஷம்தான். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

19.5, ஞாயிறு

புடவை எடுத்தோம். அரக்கு, பச்சை பார்டர். சுரேஷ் அதைத்தான் முதலில் தொட்டார். நானும் அதையே எடுத்தேன்.

காலையிலேயே நைனா தன் கறுப்புக் குடையைத் துடைத்து வைத்திருந்தார். கிளம்புமுன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கடைய வுட்டு வெளிய வரும்போது தலைய குனிஞ்சிகினே வா, கண்ணு. மேல பாக்காத. குடை நான் புடிக்கிறேன்" என்றார். பிள்ளைக்கு ரோடு தாண்டச் சொல்லித்தருவது போல. தலையாட்டினேன்.

கடைக்குள் ஏசி, டியூப்லைட். வெளியே உச்சி வெயில். கதவைத் திறக்கும் முன்பே நைனா குடையை விரித்து என் முகத்துக்கு நேரே சாய்த்துவிட்டார். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு இறங்கினேன். தும்மல் வரவில்லை.

குடை முழுக்க என் பக்கம். வெயில் முழுக்க நைனா முகத்தில். பக்கத்தில் ஒரு விக்கல் மாதிரி சத்தம் கேட்டுத் திரும்பினேன். மூக்கைத் தோள்பட்டையில் அழுத்திக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உடம்பு ஒரு முறை குலுங்கியது, இன்னொரு முறை. சத்தமே வெளியே விடவில்லை. நிமிரும்போது இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

சுரேஷின் அம்மா பார்த்துவிட்டார். "இன்னா சம்பந்தி, கண்ணு கலங்கிகினு கீறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. பொண்ணு போவப் போவுதில்ல" என்றார் நைனா.

அந்த அம்மா உருகிப் போய்விட்டார். நைனாவின் கையைத் தொட்டு, "எங்க போவப் போவுது, இந்தாண்ட மாத்தூரு. நெனச்சா வந்து பாருங்க. என் பொண்ணாட்டம் வெச்சிக்கிறேன்" என்றார். சித்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் அம்மா தரையைப் பார்த்தாள். நான் குடைக்குள்ளேயே நின்றேன்.

கப்பல் ஏணியில் ஊர் எண்ண எண்ணத் தும்மிய மனிதர். சாப்பிடும்போது தலை வலிக்கிறது என்று சீக்கிரம் எழுந்துவிட்டார்.

20.5, திங்கள்

புடவை பீரோவில். திறந்து பார்க்கவில்லை.

21.5, செவ்வாய்

ஆபீஸ் பக்கத்து பூத்திலிருந்து சுரேஷ் கம்பெனிக்கு போன் போட்டேன். அவர் வரும்வரை மிஷின் சத்தம். வைத்துவிடலாமா என்று இருந்தது.

சொல்லிவிட்டேன். ஜலதோஷம் இல்லை, பிறவி, நைனாவுக்கும் உண்டு, பிள்ளைக்கும் வரலாம், எல்லாம்.

"தும்மல்தானுங்களே, எனக்கு அது ஒண்ணும் இல்லீங்க. ஆனா அம்மாவாண்ட எப்டி சொல்றதுன்னு தெரியல" என்றார்.

"நானே சொல்றேன்."

"ஏங்க, நிச்சயம் முடியட்டுமே. அப்பால சொல்லிக்கலாம்."

வேண்டாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. "அப்டின்னா ஞாயித்துக்கெழம வாங்க, நான் வூட்ல இருக்கேன்" என்றார்.

வீட்டில் சொன்னதும் அம்மா கரண்டியை எறிந்தாள். "கெடைச்சத கெடுத்துகினு நில்லு." நைனா கரண்டியை எடுத்து மேடைமேல் வைத்தார். "நானும் வர்றேன்" என்றார்.

26.5, ஞாயிறு

புத்த பௌர்ணமி, மன்றத்தில் பாயசம். நைனா அங்கே போகாத முதல் வருஷம். நானும் அவரும் மாத்தூர் பஸ்.

சின்ன வீடு. முன்னறையில் சுரேஷின் அப்பா போட்டோ, காக்கிச் சட்டையோடு. சுரேஷ் விசிறியை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். டீ போடப் போன அவர் அம்மாவை உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். ஜலதோஷம் என்றது பொய் என்று நான் சொல்லும்போது நைனா குறுக்கிட்டார். "பொய் சொன்னது நான்மா. பொண்ணு இல்ல. அன்னிக்கி கடையாண்ட கண்ணுல தண்ணி வந்துச்சே, அதுவும் தும்மல்தான். அடக்கிகினேன்."

அந்த அம்மா கத்துவார் என்று நினைத்தேன். போட்டோவைப் பார்த்தார்.

"இவரு ஒரு நாளு வேலைக்குக் கெளம்பிகினு இருந்தாரு. வாசப்படியில நின்னு தும்மனாரு, ஒரே தும்மல். செத்த உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போய்யான்னேன். டைமாச்சின்னு சிரிச்சிகினே போயிட்டாரு. மத்தியானம் லாரியில எடுத்தாந்தாங்க. இவன் அப்ப ரெண்டாங்கிளாஸு." போட்டோவிலிருந்து கண்ணை எடுத்தார். "உன்ன கொற சொல்லலம்மா. நீ தும்மனதும் இவன் கைய புடிச்சிகினேன். அவ்ளோதான். இருபத்தஞ்சி வருசமா அந்த வாசப்படியிலயே நிக்கிறேன்."

நைனா வாயைத் திறந்தார். தும்மாமல் போயிருந்தாலும் அது நடந்திருக்கும் என்று சொல்லப் போகிறார் என்று பயந்தேன். சொல்லவில்லை. மூடிக்கொண்டார்.

நான் எட்டாம் தேதி அவரைக் கிழவி என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை இப்போது அடிக்கப் பார்த்தேன். அடிக்கவில்லை. கிடக்கட்டும், எனக்குத் தெரிய வேண்டும்.

"இப்ப இன்னாமா செய்யறது?" என்று சுரேஷ் கேட்டார்.

"இன்னா செய்யறது? பொறவின்னு சொல்றாங்க. எனக்கு பயம் போவாது, அதுவும் பொறவியாட்டம் ஆயிடுச்சி." என் பக்கம் திரும்பினார். "தும்மிக்கோ. புள்ள பொறந்து அதும் தும்மட்டும். ஆனா வெளிய போம்போது தும்மனா திரும்ப உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவணும். எனக்காவ. முடியுமா?"

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "முடியும்" என்றேன். சொன்னது பயத்தாலா, ஆசையாலா, அந்த அம்மாமேல் இரக்கத்தாலா, தெரியவில்லை.

கிளம்பினோம். குடையை நைனா விரிக்கவில்லை. வாசலில் இறங்கியதும் இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்தது, அடக்கவில்லை. எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது. சுரேஷ் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அம்மா சிரிக்கவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

எனக்கு முன்னால் நைனா செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வீட்டுக்குள் போனார். நாற்காலியில் உட்கார்ந்து, சொம்பைத் தூக்கிக் குடித்தார். எல்லாவற்றையும் குடித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். பாதியில் நிறுத்தி, சொம்பை என்னிடம் நீட்டினார்.