உன் முகவரிக்கு மட்டும்

சிகாமட், ஜோகூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் தயானந்தனுக்கு,

முதலில் ஒரு திருத்தம். எனக்கு மறதி வந்துவிட்டது என்று நீ சுகந்தினியிடம் சொல்லியிருக்கிறாய். உன் மச்சாள் அதைப் பொந்தியான் கல்யாண வீட்டில் நான்கு பேர் காதில் போட்டிருக்கிறாள். யோகம் மாமி மின்னஞ்சலில் இணைப்பு அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டு வெறும் கடிதத்தை அனுப்புகிறார், பாவம், மாமா போனபின் இப்படி ஆகிவிட்டார் என்பது பேச்சு. நான் எதையும் மறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இணைப்பை வைத்துத்தான் அனுப்பினேன். ஜோகூர் பாருவில் நீ எனக்காகப் பதிவு செய்த ஞாபகசக்தி டாக்டருக்கு, நான் வரப்போவதில்லை என்று நானே எழுதிவிட்டேன். அந்த நேரம் தேவையானவர் யாருக்காவது பயன்படட்டும்.

பெர்த்தில் குளிர் விட்டிருக்கும். ஷர்மினியின் முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே மழை தொடங்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று பக்கத்து வீட்டுச் செல்வராணி தினமும் வந்து சொல்லிவிட்டுப் போகிறாள். போன வெள்ளத்தில் அலைந்ததுபோல் மறுபடியும் அலைய நான் தயாரில்லை. அப்பாவின் கணினியை இப்போதே மாடிக்கு ஏற்றிவிட்டேன். அங்கே இருந்துதான் எழுதுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் நினைவு மலர் முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்கு வந்தவர்கள் கையில் அன்றே இருந்திருக்க வேண்டும். மகனுடைய பக்கம் இல்லாமல் அதை அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நம் ஆட்கள் தேவாரத்தைப் பிறகு பார்ப்பார்கள், பிள்ளை என்ன எழுதியிருக்கிறான் என்றுதான் முதலில் புரட்டுவார்கள். அதனால் ஆண்டுத் திவசத்துக்குத் தள்ளிவைத்தேன். மாதிரிப் பக்கங்களை உனக்கு மூன்று தடவை அனுப்பினேன். நீயும் "கிடைத்தது அம்மா" என்று பதில் போட்டாய். உன் பக்கம் மட்டும் வரவில்லை.

அதே பக்கங்களைச் சுகந்தினிக்கும் அனுப்பினேன், அவளும் "கிடைத்தது" என்று எழுதினாள். அச்சகத்து ரூபேந்திரனுக்கும் அனுப்பியிருந்தேன். அவர் உடனே கூப்பிட்டு, "எல்லாம் சுத்தமா வந்துருச்சிம்மா, மகனோட பக்கந்தான் காலியா இருக்கு, எப்ப தருவாரு?" என்று கேட்டார். ஆகவே சுகந்தினியைத் தொலைபேசியில் பிடித்து, அவள் கைப்பேசியில் தெரிவதை அப்படியே வாசிக்கச் சொன்னேன். "ஒண்ணுமே இல்ல மாமி. அடியில வின்மெயில் டாட்னு என்னமோ குட்டியா தொங்குது. தட்டினா திறக்க மாட்டேங்குது லா. வைரஸோன்னு பயந்து விட்டுட்டேன்" என்றாள். பிறகு ஏன் கிடைத்தது என்று எழுதினாய் என்றேன். உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் மாமி என்றாள். சங்கடப்படுத்தாமல் ஊர் முழுக்க என்னை மறதிக்காரி ஆக்கிவிட்டாள்.

அனுப்பியது ஒன்றே. ரூபேந்திரனிடம் திறக்கிறது, அவளிடம் திறக்கவில்லை. ரூபேந்திரன் வைத்திருப்பதும் என்னைப் போல அவுட்லுக் என்ற மின்னஞ்சல் செயலி. அங்கிருந்து தேடத் தொடங்கினேன். இந்தச் செயலியில் ரிச் டெக்ஸ்ட் என்று ஒரு முறை இருக்கிறது. அந்த முறையில் அனுப்பினால் எழுத்தின் நிறம், தடிப்பு, இணைப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். அதே செயலி வைத்திருப்பவருக்குத்தான் அவிழ்க்கத் தெரியும். மற்றவர்களுக்கு மூட்டை மட்டும், அந்த வின்மெயில் டாட் என்ற பெயரில், போய்ச் சேரும். அமைப்புப் பகுதிக்குள் போய் அதை எல்லாச் செயலிக்கும் புரிகிற எச்.டி.எம்.எல். முறைக்கு மாற்றி, சுகந்தினிக்கு மறுபடியும் அனுப்பினேன். "அலமாக், எல்லாம் வருது மாமி! மாமா படங்கூட!" என்று கத்தினாள். பொந்தியானில் யார் யாரிடம் சொன்னாயோ அதே நான்கு பேரிடம் இதையும் சொல் என்றேன்.

உனக்கும் அன்றே அனுப்பினேன். உன்னைக் கேட்டால் கிடைத்தது என்பாய். ஆகவே ஷர்மினியிடம் உன் கணினியைப் பார்க்கச் சொன்னேன். உன் மனைவி உண்மையைச் சொன்னாள்: "இன்னும் அந்த டாட்தான் மாமி வந்திருக்கு."

எல்லோருக்கும் சரியானது உனக்கு மட்டும் ஏன் சரியாகவில்லை? இதை இப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. முகவரிப் புத்தகத்தில் உன் பெயரைத் திறந்து, உன் முகவரியின் மேல் இரட்டையாகத் தட்டினேன். உள்ளே ஒரு தனிக் கட்டளை இருந்தது. மற்றவர்களுக்கு எப்படிப் போனாலும் இவனுக்கு எப்போதும் ரிச் டெக்ஸ்டில்தான் போகவேண்டும் என்று. அது அப்பா செய்தது. நீ பெர்த்தில் படித்த காலத்தில் உன்னிடமும் இதே செயலி இருந்தது. தீபாவளி வாழ்த்தைச் சிவப்பு எழுத்தில் எழுதி, நிறம் போகாமல் உனக்குச் சேரவேண்டும் என்று பாடுபட்டார். பிறகு நீ கணினியை மாற்றினாய். அவருக்கு அது தெரியாது. கட்டளை அப்படியே நின்றுவிட்டது.

தயா, இதைக் கவனமாகப் படி. அப்பாவுக்குக் கடிதப் பெட்டியில் தமிழ் தட்டச்ச வராது. வேறு பக்கத்தில் எழுதி இணைத்துவிட்டு, மேலே "இணைப்பைப் பார்க்கவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போடுவார். கடைசிவரை உனக்கு அப்படித்தான் எழுதினார். அனுப்பியவை எல்லாம் இங்கே இருக்கின்றன. உன் பதில்களும் இருக்கின்றன: "கிடைத்தது, நன்றி அப்பா." நீயும் அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பாய். அவர் அதைப் படித்துவிட்டுக் கணினியை மூடுவார். எழுதியதைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று நான் கேட்டால், பிள்ளைக்கு வேலை அதிகம் என்பார்.

அப்பா எனக்கு ஒரு வரிக்கு மேல் எழுதியதில்லை, அவரைப் பற்றி நான் என்ன எழுத என்று நீ சுகந்தினியிடம் கேட்டதும் எனக்குத் தெரியும். அவளிடம் எதுவும் நிற்காது.

அந்த இணைப்புகளை நான் திறக்கவில்லை. நான் படித்த கான்வென்டில் எங்களுக்கு வந்த கடிதங்களை சிஸ்டர்மார் உடைத்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அடுத்தவர் கடிதத்தைத் தொடுவதில்லை என்று அன்று எடுத்த முடிவு எனக்கு இன்றைக்கும் உண்டு. அந்தக் கட்டளையை நீக்கினேன். செயலி நினைவில் வைத்திருந்த உன் முகவரியை அழித்து, எழுத்து எழுத்தாகப் புதிதாக அடித்தேன். அப்பா எழுதியவை அனைத்தும் இன்று காலை தனித்தனியாக உனக்கு வந்திருக்கும். இந்தக் கடிதத்தோடு வருவது மலரின் மாதிரி. என் பக்கத்துக்கு அடுத்ததில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. அதைக் காலியாக அச்சிடவும் மாட்டேன், உன் பெயரில் நானே எழுதவும் மாட்டேன். ரூபேந்திரனைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அவசரப்படாமல், தனியாக உட்கார்ந்து படி. அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கும் ஷர்மினிக்கும் எப்போதும் உண்டு.

திறந்தால் திறந்தது என்று எழுது. திறக்காவிட்டால் திறக்கவில்லை என்று எழுது, நான் மறுபடியும் பார்க்கிறேன். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

அம்மா
யோகம் சிற்றம்பலம்