வட்ட முத்திரை இட்ட மடல்

கப்ரோவோ, பல்கேரியா
20 சூன் 2022

அன்பிற்கினிய தரீனா,

நலந்தானே? லில்யானாவின் முதுகுவலி குறைந்ததா? தலைமையாசிரியையாக நான் கையெழுத்திட்ட பணிநீக்க ஆணையைக் கண்டு நீ கொதித்திருப்பாய். ‘வேதியியல் பாடவேளைகள் குறைந்தன’ என்பது தாளுக்காக எழுதிய காரணம். முப்பது ஆண்டுத் தோழியிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாணவர்களின் விடைபெறு விருந்துக்கு நீ லில்யானாவோடு கைகோத்து வந்தாய். மறுநாளே பெற்றோர் மூவர் என் அறைக்கு வந்துவிட்டார்கள். “பொம்பளையோட குடும்பம் நடத்துற பொம்பள எங்க புள்ளைக்குப் பாடம் எடுக்கணுமா மேடம்?” என்று ஒருவர் கேட்டார். நான் என்ன செய்வேன்? வேறு ஊரில் உனக்கு இடம் பார்க்கிறேன். செர்ரிப் பழப்பாகு இரண்டு புட்டி அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன்
ரூமியானா

11 அக்டோபர் 2022

ரூமியானா,

பழப்பாகைத் திறக்கவில்லை. உன் மடல்தான் இன்று நீதிமன்றத்தில் திறக்கப்பட்டது. யாரை நேசிக்கிறார் என்பதற்காக ஓர் ஆசிரியரை வேலையிலிருந்து விரட்டலாகாது என்பது இந்நாட்டுச் சட்டம். இது தனிப்பட்ட கடிதம் என்று உன் வழக்கறிஞர் வாதிட்டார். நான் தாளின் அடியைக் காட்டினேன். எந்தத் தாளைக் கண்டாலும் முத்திரை குத்தும் உன் கை, உன் கையொப்பத்தின் மேலும் பள்ளியின் வட்ட முத்திரையைக் குத்தியிருந்தது. அனுப்புகை எண்கூட உண்டு, 214. நீதிமன்ற எழுத்தர் அம்மையார் என் காதருகே குனிந்து, “ஏம்மா, செஞ்ச தப்புக்கு நம்பர் போட்டு அனுப்பியிருக்காங்களே உங்க மேடம்” என்றார்.

நானும் சிரித்தேன். நான்கு மாதங்களில் அதுவே முதல்முறை.

தரீனா

3 மார்ச் 2023

என் தரீனா,

ஓய்வுக்கு எனக்கு இன்னும் ஓராண்டுதான் இருக்கிறது. வழக்கைத் திரும்பப் பெறு. நாளையே ஓசையின்றி உன்னை வேலையில் சேர்த்துக்கொள்கிறேன். கல்வி அலுவலகத்தில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. என் மகனே, “பாகு புட்டியோட வாக்குமூலமும் சேர்த்து அனுப்புனியாம்மா?” என்று கேலி செய்கிறான். என் கணவர் இறந்தபோது மூன்று வாரம் என் வகுப்புகளையும் சேர்த்து நடத்தினாயே, அந்தத் தரீனா எங்கே?

உன் ரூமியானா

9 செப்டம்பர் 2023

தலைமையாசிரியை அவர்களுக்கு,

தீர்ப்பின் நகல் தங்களுக்கும் வந்திருக்கும். ஓசையின்றி வா என்றீர்கள். ஊரறிய விரட்டப்பட்டவள் ஓசையின்றி நுழைய மாட்டாள். அந்தத் தரீனா எங்கே என்றீர்கள். அவளைத் தாங்களே பணிநீக்கம் செய்தீர்கள். நீதிமன்றம் மீண்டும் பணியமர்த்தச் சொன்னது வேதியியல் ஆசிரியையை மட்டுமே, தோழியை அன்று.

பதினைந்தாம் நாள் பள்ளி திறப்பு. ஆண்டு தடையின்றி ஓடட்டும் என்று செப்புக் குடத்து நீரை வழக்கம்போல் வாசலில் ஊற்றுவீர்கள்; எல்லாரும் அந்த ஈரத்தை மிதித்து உள்ளே போவார்கள். நான் கடைசியாக வருவேன். வாயில்வரை லில்யானா என் கையைப் பிடித்து வருவாள். அந்தப் பெற்றோர் மூவரும் பார்க்க, எனக்காகவும் ஊற்றுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். நீர் சிந்தத்தானே வேண்டும்.

த. கோலெவா
வேதியியல் ஆசிரியை