கறுத்துப்போன பிலிம்

டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாசனை குப்பென்று அடித்தது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உன் வீட்டுக்காரர் மரக்காணத்தில் என் டைப்பிங் கடைக்கே கொண்டுவந்து கொடுத்த டப்பா. "உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனா," என்றார். உள்ளே ஒரே ஒரு பிலிம் சுருள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் அம்மாவை நீ எடுத்த பிலிம். முப்பது வருஷமாக நாம் இரண்டு பேரும் வாயே திறக்காத பிலிம்.

நீ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. முதலாளியிடம் கெஞ்சிக் கேமராவை வாங்கிக்கொண்டு உப்பளத்துக்கு வந்தாய். அம்மா தலையில் உப்புக்கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். "வேல நேரத்துல இன்னாத்துக்குடி போட்டோ?" என்றாள். ஆனாலும் நின்றாள். சுற்றிலும் கண் கூசும் வெள்ளை. கூடையின் நிழலில் அவள் முகம் மட்டும் இருட்டு. நீ கேமராவுக்குள் வெளிச்சத்தைக் கூட்டும் வளையத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தாய். "உப்பு எப்படியோ போவட்டும். எனக்கு உங்கம்மா மூஞ்சி வேணும்," என்றாய்.

கழுவிப் பார்த்தால் பிலிம் முழுக்கக் கறுப்பு; வெளிச்சம் பட்ட இடமெல்லாம் நெகட்டிவில் கறுத்துத்தானே போகும். முதலாளி ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "வெளிச்சம் எக்கச்சக்கமா ஏறிட்டுது, குப்பையில போடு" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு வேறு படமே கிடையாது. மாலை போட ஒரு படம் இல்லாமல் வெறும் விளக்கை ஏற்றி வைத்த அன்று, வந்திருந்த சனங்கள் முன்னால் உன்னைப் பார்த்துக் கத்தினேன்: "ஒழுங்கா ஒரு போட்டோ எடுக்கத் தெரியாதவளுக்கு கேமரா ஒரு கேடா?"

நீ அழவில்லை. "படம் இருக்குதுடி. உள்ள இருக்குது," என்று மட்டும் சொன்னாய்.

என் வாய்தான் உனக்குத் தெரியுமே. மறுவாரமே பேசிவிட்டோம், உன் கல்யாணத்துக்குத் தலை பின்னிப் பூ வைத்ததும் நான்தான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

டப்பா வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பாண்டிச்சேரியில் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து பழைய பிலிம் ஸ்கேனர் ஒன்றை வாங்கிவந்தேன். கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். யுஎஸ்பி பட்டியலில் ஸ்கேனரின் பெயரை அதுவே காட்டும்; ஸ்கேன் செய்யப் போனால் 'ஸ்கேனர் எதுவும் இல்லை' என்று அதுவே சொல்லும். மூன்று நாள் அதைத் திட்டித் தீர்த்தேன். ஒயரை மாற்றினேன். நாலாம் நாள், எல்லா உரிமையும் உள்ள 'ரூட்' கணக்கில் நுழைந்து முயன்றபோது ஸ்கேனர் கர்ரென்று உறுமியது. பழுதே இல்லை. அதைத் தொட என் கணக்குக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான். ஒரு கோப்பில் அந்த அனுமதிக்கான ஒரே ஒரு வரி எழுதி, ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். கண்முன்னே இருந்ததைத்தான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

பிலிமில் ஒரு துண்டை வெட்டிப் பொருத்தினேன். முதலில் வந்தது வெறும் வெள்ளைக் கட்டம். முதலாளி சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் நானும் நினைத்தேன், மன்னித்துக்கொள். பிறகு தானியங்கி அளவை நிறுத்திவிட்டு, பிலிமுக்குள் விளக்கொளி பாயும் நேரத்தைக் கையால் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். ஸ்கேனர் நத்தையாக நகர்ந்தது. திரையில் மேலிருந்து கோடு கோடாக ஒரு கூடையின் விளிம்பு இறங்கியது. சும்மாடு. நெற்றி. பிறகு இரண்டு கண்கள். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கடைக்கு வந்திருந்த ஒருவர், "இன்னாங்க ஆச்சு?" என்றார். "எங்கம்மா," என்றேன்.

உப்பு இல்லை, வானம் இல்லை, வரப்பு இல்லை. எல்லாம் வெளிச்சத்தில் கரைந்துபோயிருந்தன. மூக்குத்தியும், உதட்டோரம் வியர்வையும், சிரிப்பை அடக்கிய கன்னமுமாக அம்மா மட்டும் நின்றாள். அத்தனை வெள்ளைக்கு நடுவில் அந்த ஒரு முகத்துக்காக நீ எவ்வளவு துணிந்திருக்கிறாய்! இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

சட்டம் போடக் கொடுத்தபோது கடைக்காரர் படத்தின் அடியில் விரலை வைத்தார். அம்மாவின் காலடியில், வெள்ளையில் சாம்பலாக ஒரு நிழல்: ரெட்டைச் சடை, தூக்கிய முழங்கை, கையில் கேமரா.

"போட்டோ எடுத்தவங்க நெழலு விழுந்துட்டுது. வெட்டிடலாமாங்க?"

"வேணாங்க. அவளோட படமே இது ஒண்ணுதான் என்கிட்ட இருக்குது," என்றேன்.

இப்போது தினமும் அம்மாவுக்கு விளக்கேற்றுகிறேன். ஏற்றிவிட்டு, அன்று சனங்கள் முன்னால் கத்தினேனே, அதே சத்தத்தில் உன் நிழலைப் பார்த்துச் சொல்கிறேன்: "இருக்குதுடி. நீ சொன்ன மாதிரியே இருக்குது."