கட்டத்தில் இல்லாத சொல்

மே 14, செவ்வாய்

மழை இல்லை. மதியம் சாசேஜும் பட்டாணியும்.

பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலையில் இது இருபத்தோராவது வருடம். என் பெயரில் ஒரு படிவம் இன்றுதான் முதல் முறை. எஃபி, ஏழு வயது, முன்பல் இல்லாதவள், பந்தை எடுக்கப் பின்சுவரில் ஏறிவிட்டாள். "இறங்குடி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மேல்கல் புரண்டது. தலைகீழாக வந்தாள். பாய்ந்தேன். மேல்கைதான் கிடைத்தது. தலை தரையில் படவில்லை. அவள் அழக்கூட இல்லை. "பந்து எங்க மிஸ்?" என்றாள்.

பிள்ளைமேல் கை பட்டால் வீட்டுக்குப் போகும் முன் படிவம் நிரப்ப வேண்டும். தலைமையாசிரியை மிஸஸ் ஹேஸல்டின் என்னைக் கணினி முன் உட்கார வைத்தார். 'நீங்கள் செய்தது என்ன?' கீழே ஐந்து கட்டங்கள். தள்ளினேன், இழுத்தேன், வெடுக்கென்று கிராப் செய்தேன், ஹோல்ட் செய்தேன், அடக்கி நிறுத்தினேன்.

"கேட்ச் எங்க?"

"அது இல்ல நோரின். கிட்டத்துல இருக்கறத டிக் பண்ணுங்க. டிக் பண்ணாம அடுத்த பக்கம் போகாது."

"போகாட்டி போகட்டும்."

தாளில் அச்சடித்துத் தரச் சொன்னேன். கட்டங்களைத் தொடாமல், ஓரத்தில் பேனாவால் 'கேட்ச் பிடித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மே 16, வியாழன்

எஃபியின் அம்மா ஜெம்மா பள்ளிக்கு ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறாள். சின்ன மேல்கை. கருநீலமாக நான்கு விரல் தடம். என் விரல்கள்தான், சந்தேகமே இல்லை.

"எம் பொண்ண அந்தம்மா கிராப் பண்ணிருக்கு" என்று எழுதியிருக்கிறாளாம். விசாரணை முடியும்வரை நான் பள்ளிக்கு வரக்கூடாது.

மே 17

கிளிஃப் தேநீர் போட்டுக் கொடுத்தார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் ஐந்தாவது தடவை இருக்கும்.

மே 19, ஞாயிறு

கிளிஃப் கிரிக்கெட் கிளப்புக்கு ஸ்கோர் எழுதப் போய்விட்டார். நான் போகவில்லை. எல்லோரும் பார்ப்பார்கள்.

எங்கள் ஆங்கிலத்தில் ஒன்றைக் கையில் பிடிப்பதற்கு எத்தனை சொல்! ஸ்நாட்ச் – கடற்கரையில் நம் கையிலிருக்கும் சிப்ஸைக் கடற்காகம் பறிக்கிறதே, அது. சீஸ் – கடனுக்குக் கோர்ட்டு ஆட்கள் வந்து சோபாவை ஜப்தி செய்து தூக்கிப் போவது. கிராப் – பேருந்தில் கிழவியைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறவன் செய்வது. ஹோல்ட் – ஏற்கெனவே கையில் இருப்பதை விடாமல் வைத்திருப்பது.

கேட்ச் வேறு. விழுவது நம்மைத் தேடி வர வேண்டும். பன்னிரண்டு வருடம் மில் பெண்கள் அணிக்கு விக்கெட் கீப்பராக நின்றவள் நான். இடது சுண்டுவிரல் இன்றும் கோணல். எனக்கா இவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

மே 23, வியாழன்

மிஸஸ் ஹேஸல்டின் வீட்டுக்கே வந்தார். பாவம், முகம் வாடிக் கிடந்தது.

"'ஹோல்ட்'னு டிக் பண்ணிடுங்க நோரின். மென்மையான வார்த்தை. அடுத்த வார லீவு முடிஞ்சதும் வேலைக்கு வந்துடலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அவ என் கையில இருக்கல மிஸஸ் ஹேஸல்டின். காத்துல இருந்தா."

"ஒரு வார்த்தைதானே?"

ஒரு வார்த்தைதான். ஆனால் அதை விட்டுக்கொடுத்தால், அடுத்த பிள்ளை விழும்போது அங்கே நிற்கிறவள் முதலில் கட்டத்தை நினைப்பாள். கை அப்புறம்தான் நீளும். இதைச் சொன்னேன். அவர் பிஸ்கட்டைத் தொடாமலே போய்விட்டார்.

"பிடிவாதக்காரி" என்றார் கிளிஃப். ஆமாம். அதற்கென்ன?

ஜூன் 4, செவ்வாய்

விசாரணை. மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். டை கட்டிய ஒருவன் புகைப்படத்தை என் பக்கம் நகர்த்தி, "இவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டதா?" என்றான். நீ எதையாவது ஒருமுறை கேட்ச் பிடித்திருக்கிறாயா தம்பி? பொத்திப் பிடிக்காவிட்டால் நழுவும்டா! வாயில் வந்துவிட்டது, அடக்கினேன். "தேவைப்பட்டது" என்று மட்டும் சொன்னேன்.

திங்கள் பத்தாம் தேதிக்குள் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். இல்லையென்றால் வேலை போகும்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தக் காயம் பொய்யில்லையே. ஒரு பிள்ளையின் கையில் என் விரல் பதிந்திருக்கிறதே. நான் சரியாகத்தானே செய்தேன்? – சரியாகத்தான் செய்தேன்.

ஜூன் 5

டிக் போடவில்லை.

ஜூன் 8, சனி

வாசலில் ஜெம்மா. பக்கத்தில் எஃபி, ஒரு பக்கம் புதுப்பல் எட்டிப் பார்க்கிறது. நான் கதவைப் பாதிதான் திறந்தேன்.

ஜெம்மா மகளின் சட்டைக்கையை மேலே சுருட்டினாள். பழைய தடம் மறைந்துவிட்டது. அது வேறு கை. இந்தக் கையில் புதிதாக நான்கு தடம், இன்னும் சிவப்பு மாறவில்லை.

"நேத்து பேக்கரி முன்னாடி. ரோட்டுல ஓடிட்டா. வேன் வந்துச்சு. நான்…" தன் விரல்களை அந்தத் தடத்தின் மேல் வைத்துக் காட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

'இதை எந்தக் கட்டத்தில் போடுவாய்?' என்று கேட்க நாக்கு துடித்தது. மூன்று வாரத்துக் கோபம். அவள் விரல்கள் இன்னும் அந்தத் தடத்தின் மேலேயே இருந்தன. கேட்கவில்லை.

"உள்ள வா கண்ணு. டீ போடறேன்."

எஃபி நான்கு பிஸ்கட் தின்றாள். கட்டத்தின் கதையை ஜெம்மாவிடம் சொன்னேன். கிளம்பும்போது ஜெம்மா, "அந்தத் தாள் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

ஜூன் 10, திங்கள்

காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஜெம்மா தலைமையாசிரியை அறையில் இருந்தாளாம். மதியம் என்னைக் கூப்பிட்டார்கள்.

மேசைமேல் அதே தாள். ஐந்து கட்டங்களும் காலி. ஓரத்தில் என் எழுத்து. அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில், அழுத்தி: 'கேட்ச் பிடித்தார். ஜெம்மா, எஃபியின் அம்மா.'

"கம்ப்யூட்டர் இன்னும் அடுத்த பக்கம் போகல" என்றார் மிஸஸ் ஹேஸல்டின்.

"அது அதோட பாடு."

அவர் சிரித்துவிட்டார். தாளை அப்படியே கோப்பில் வைத்தார். "நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க."

ஜூன் 11, செவ்வாய்

சாசேஜும் பட்டாணியும். எஃபி பின்சுவரை ஒரு பார்வை பார்த்தாள். நான் எஃபியைப் பார்த்தேன். ஏப்ரன் பையில் பேனா இருக்கிறது.